இருபது முகம்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடி.
ஜெயகோபாலின் மாமா இடம், வாடகை கிடையாது.
ஒரே ஒரு நிபந்தனை:
பட்டறை வழியாக இறங்கும்போது
பாதத்தைச் சாக்கில் துடைத்துவிட்டுத்தான் தெருவுக்குப் போகணும்.
அங்கே தூசுக்கும் எடை உண்டு.

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி.
என் ஜவ்வரிசி ஆலையின் பழைய சோதனைத் தாள்களின் முதுகில்
ரிஸ்வானா ஒரு குகை வரைந்திருக்கிறாள்.
பகலில் ஐந்து ரோட்டில் பல் டாக்டருக்கு உதவியாள்,
இங்கே அவள் சொன்னால் மழை பெய்யும்.

பிலவேந்திரன் ஏற்காட்டிலிருந்து
இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வருவான்,
எங்கள் காயங்களை ஆற்ற.
ஜெயகோபால் மந்திரவாதி, மந்திரத்தை எப்போதும் மறந்துபோகிறவன்.
நான் வில்.
இளஞ்செழியன் திருடன்.

பதினோரு சனிக்கிழமைகள் ஒரே படை.
என் மூன்று உயிர்ப்புள்ளிகளுக்காக
தன் கடைசி மருந்துக் குப்பியை உடைத்தவன் அவன்தான்.
அதையும் எழுதிவைக்கிறேன்.

அன்றைக்குப் பாம்பு செத்தது.
நாங்கள் மூவரும் கத்திக் கும்மாளமிடும்போது
அவன் ஒரு சீட்டை மடித்து
ரிஸ்வானாவின் டம்ளருக்கு அடியில் தள்ளினான்.
அவள் படித்தாள். தலையசைத்தாள்.
"பெட்டியைத் திறக்கிறீர்கள். காலி."

காலி என்று சொல்லும்போது
அவள் என்னைப் பார்க்கவில்லை.

"மரகதம் எங்கடா?"
"எந்த மரகதம்?"
"சீட்டுல என்ன எழுதுன?"
"நான் எழுதல. திருடன் எழுதுனான்.
அவன் அப்படித்தான் செய்வான், நான் என்ன பண்ண?"

பதினோரு வாரமாகத்
தட்டுவடை செட்டுக்கு அவன் பர்ஸ் வெளியே வந்ததில்லை.
அது விளையாட்டில் சேராது, தெரியும்.
ஆனால் நாணை இழுத்தபோது
குறியில் நின்றது
கறுப்பு அங்கி போட்ட திருடன் இல்லை;
கை கழுவப் போகிறேன் என்று
பில் வரும் நேரம் எழுந்துபோகும் ஓர் ஆள்.

"சரி. என் வில்லாளியும் அப்படித்தான் செய்வா."

பிலவேந்திரன், "வேணாம்" என்றான்.
ஜெயகோபாலுக்கு மந்திரம் நினைவுக்கு வந்தது,
யார்மேல் போடுவதென்று தெரியவில்லை.
ரிஸ்வானா பென்சிலை வைத்துவிட்டு,
"நிஜமாவா?" என்றாள்.
"நிஜமா."
"பதினாலுக்கு மேல விழுந்தா அவன் செத்தான்."

கோபத்தில் வீசினேன்.
பகடை பலகையில் குதித்தது,
குகையைத் தாண்டியது, பாம்பைத் தாண்டியது,
பழைய விளக்குச் சங்கிலி இறங்கும் ஓட்டை வழியாகக்
கீழே போயே போய்விட்டது.

சுத்தியல் சத்தம் நின்றது.

நான்கு பேர் ஓட்டையைச் சுற்றிக் குப்புறப் படுத்திருந்தோம்.
இளஞ்செழியனின் மூச்சு என் காதுக்குப் பக்கத்தில்,
பூண்டு வாசத்தோடு.

"அண்ணே, அசைக்காதீங்க! மேல என்ன நம்பர்?"

பற்றவைப்புக்கார வடமலை அண்ணன்
அரத்தூள் தட்டிலிருந்து அதை ஏற்கெனவே எடுத்துவிட்டார்.
"பாக்கலியே. இதுல இத்தன நம்பர் இருக்கு,
எதைன்னு பாக்குறது?"

படியேறி உடனே வரவில்லை.
சின்னத் தூரிகை ஒன்றை எடுத்தார்.
ஒவ்வொரு முகமாகத் திருப்பி,
எண்களின் பள்ளத்திலிருந்த வெள்ளிப் பொடியைத்
தட்டிலேயே தட்டிவிட்டார்.
ஒன்று. ஏழு. பதினெட்டு.
இருபது முகம் துடைக்க எவ்வளவு நேரமாகுமோ
அவ்வளவு நேரம் இளஞ்செழியன்
சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை.

பிறகு என் உள்ளங்கையில் வைத்தார்.
நெருப்புக்குப் பக்கத்தில் இருந்ததால் வெதுவெதுப்பாக இருந்தது.

"மறுபடி போடு" என்றான் இளஞ்செழியன்.
குரல் திருடனுடையதா, அவனுடையதா, பிரிக்க முடியவில்லை.

போடவில்லை.
மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.
ரிஸ்வானா தாளில் அம்பை
நடுவழியில் ஒரு கோடாக வரைந்து நிறுத்தினாள்.

அடுத்த சனிக்கிழமை
பிலவேந்திரன் வந்தான், ஜெயகோபால் வந்தான்.
எட்டு இருபதுக்குப் படியில் செருப்புச் சத்தம்.
கீழே யாரோ அதட்டினார்கள்:
"தம்பி, செருப்பு!"